பல நோட்டுக் கணக்கை ஒரே ஏட்டில் சேர்ப்பது எப்படி?

உழவர் பெருமக்களில் பலர் சாகுபடிக் கணக்கை எழுதி வருகிறார்கள். வயலுக்கு ஒரு நோட்டு, பட்டத்துக்கு ஒரு நோட்டு என்று அவை தனித்தனியே கிடக்கின்றன. அடுத்த சம்பாவுக்கு எந்த வயலில் எந்த இரகம் நடலாம், உரச் செலவை எங்கே குறைக்கலாம் என்று முடிவு செய்ய இந்த நோட்டுகள் ஒன்றுசேர வேண்டும். ஆனால் எழுதியபடியே கூட்டினால் கணக்கு தவறிவிடும். தவறான வயலில் பணம் போகும். சேர்க்கும் முறையைக் கீழே காண்போம்.

ஒரே மாதிரிக் கட்டங்கள்

முதலில் ஒரு பெரிய ஏட்டில் கட்டங்கள் போட்டுக்கொள்ளவும். வயலின் பெயர், ஆண்டும் பட்டமும், இரகம், பரப்பு, உரம், செலவு, மகசூல், வரவு ஆகியவை வேண்டும். கடைசிக் கட்டத்தில், அந்த வரி எந்த நோட்டிலிருந்து வந்தது என்று குறிக்கவும். பின்னர் ஐயம் எழுந்தால் மூல நோட்டைப் புரட்டிப் பார்க்க இது உதவும்.

ஆகஸ்டில் விதைத்த சம்பா ஜனவரியில்தான் அறுவடைக்கு வரும். ஆகவே, '2023-24 சம்பா' என்று எழுதுவதே சரி. இல்லையேல் ஒரே பயிர் இரண்டு ஆண்டுகளில் பிரிந்துவிடும்.

இரகத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சி.ஆர். 1009, பொன்மணி, சாவித்திரி மூன்றும் ஒரே நெல்தான். ஒரு பெயரைத் தேர்ந்து எல்லா வரிகளிலும் அதையே எழுதவும்.

அளவுகளை மாற்றுதல்

பரப்பைச் சென்டிலும், எடையைக் கிலோவிலும் எழுதுவது நலம். 1 ஏக்கர் 100 சென்ட். 1 மா ஏறக்குறைய 33 சென்ட். 1 ஹெக்டேர் 247 சென்ட்.

மேல்வயல் 60 சென்டில் 30 சிப்பம், கீழ்வயல் 1 மாவில் 12 மூட்டை கண்டதாக வைத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ, வியாபாரியின் மூட்டை 60 கிலோ என்றால், மேல்வயலில் 1,200 கிலோ; ஏக்கருக்கு 2,000 கிலோ. கீழ்வயலில் 720 கிலோ. ஏக்கருக்குச் சுமார் 2,180 கிலோ. பார்வைக்குக் குறைவாகத் தெரிந்த கீழ்வயலே கூடுதல் மகசூல் தந்திருக்கிறது.

இரண்டுக்கும் சராசரி காண, 2,000ஐயும் 2,180ஐயும் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. மொத்த எடை 1,920 கிலோவை மொத்தப் பரப்பு 93 சென்டால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 2,065 கிலோ என்பதே சரியான விடை.

உரத்திலும் கவனம் தேவை. 2018 மார்ச் முதல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. பழைய நோட்டில் '2 மூட்டை' என்றால் 100 கிலோ. அதில் தழைச்சத்து 46 கிலோ. புதிய நோட்டில் அதுவே 90 கிலோ. தழைச்சத்து சுமார் 41 கிலோ. மூட்டையைக் கொண்டு ஒப்பிட்டால் இரண்டும் சமமாகத் தோன்றும்.

விடுபட்டதும் இருமுறை வந்ததும்

செலவு எழுதாமல் விட்ட இடத்தில் பூஜ்யம் போடக் கூடாது. கட்டத்தைக் காலியாக விடவும். பூஜ்யம் என்றால் செலவே இல்லை என்று பொருளாகிவிடும்.

களத்து நோட்டிலும் விற்பனை நோட்டிலும் அதே நெல் இருந்தால் ஒருமுறை மட்டுமே சேர்க்கவும். ஆனால் தொகை ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒரு வரியை அடித்துவிடக் கூடாது. ஒரே வாரத்தில் இருமுறை களை எடுத்து, ஒரே கூலி கொடுத்திருக்கலாம். தேதியையும் வயலையும் பார்த்தே முடிவு செய்யவும்.

சரிபார்த்தல்

மூன்று நோட்டுகளில் முறையே 14, 11, 9 வரிகள் இருந்தால் புதிய ஏட்டில் 34 வரிகள் வர வேண்டும். இருமுறை வந்தவற்றை நீக்கியிருந்தால் அத்தனை வரிகள் மட்டுமே குறையலாம். செலவுத் தொகையையும் இவ்வாறே நோட்டுவாரியாகக் கூட்டி ஒப்பிடவும்.

கணினியிலும் கைப்பேசியிலும் பட்டியல்களைச் சேர்க்க இதே முறைதான். அவை நொடியில் சேர்த்துவிடும். ஆனால் மாவையும் சென்டையும் நாம்தான் முன்னதாக ஒரே அளவாக மாற்றித் தர வேண்டும். ஏடு முடிந்த பிறகும் பழைய நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கவும். அறுவடை முடிந்து கோடை உழவு தொடங்கும் முன் இந்த வேலையைச் செய்துவிட்டால், அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும்போது கணக்கு கையில் இருக்கும்.