கடைமடையும் கணினிமொழியும்

நுழையும்முன்

வயல், வாய்க்கால், வீடு, தோணி என மனிதர் ஆக்கிய எதுவும் பேணப்படாவிட்டால் பயன் குன்றும். கண்ணுக்குப் புலப்படாத கணினிக் கருவிகளும் இதற்கு விலக்கல்ல. நாம் எழுதும் நிரலைப் பொறிக்குப் புரியவைக்கும் நிரல்பெயர்ப்பிகள் எவ்வாறு பராமரிக்கப்படுகின்றன, அப்பணிக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வாய்க்காலின் முடிவில் ஓர் ஊர்

தாமிரபரணி கடலோடு கலப்பதற்குமுன் பாயும் இறுதிப் பகுதியில், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் அமைந்துள்ளது ஆத்தூர். இவ்வூரின் வெற்றிலை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. வெற்றிலைக் கொடிக்கால் ஈரம் காயாமல் காக்கப்படவேண்டிய பயிர்நிலம். ஆற்றின் கடைசி அணைக்கட்டாகிய திருவைகுண்டத்தைத் தாண்டி, கால்வாய் வழியாக வரும் நீரை நம்பியிருக்கும் நிலங்களைக் கடைமடை என்பர். தலைமடையில் எவ்வளவு நீர் பெருகினாலும், இடையில் தூர் சேர்ந்தால் கடைமடைக்கு நீர் வந்து சேராது. ஆகவே வாய்க்காலின் முழு நீளத்தைப் பற்றியும் மிகுதியாகக் கவலைப்படுபவர் கடைமடை உழவரே.

மழைக்காலத்திற்குமுன் ஊரார் கூடிக் குளத்தையும் வாய்க்காலையும் தூர்வாரிச் செப்பனிடும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. 2017இல் தமிழ்நாடு அரசு இப்பெயரிலேயே நீர்நிலைச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கணினி உலகிலும் இத்தகைய குடிமராமத்து நாள்தோறும் நடைபெறுகிறது.

நிரல்பெயர்ப்பி

கணினிப் பொறி அறிந்தவை சுழியும் ஒன்றும் மட்டுமே. மனிதர் படிக்கத்தக்க மொழியில் எழுதப்பட்ட மூலநிரலைப் பொறிமொழிக்கு மாற்றித்தரும் மென்பொருளே நிரல்பெயர்ப்பி. 1952இல் கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 இதற்கு முன்னோடி. 1957இல் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழுவினர் ஃபோர்ட்ரான் மொழிக்கு நிரல்பெயர்ப்பியை வெளியிட்டனர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜி.சி.சி., எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளாகும். பன்னாட்டுத் தன்னார்வலரும் நிறுவனப் பொறியாளரும் அதனை இன்றளவும் பேணிவருகின்றனர்.

மாறாததும் பழுதாகும்

இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப்போகும். நிரலுக்குத் துருவும் இல்லை, உளுப்பும் இல்லை. பின் ஏன் அதற்குப் பராமரிப்பு?

விடை ஆத்தூருக்கு அருகிலேயே இருக்கிறது. பாண்டியரின் முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகம் கொற்கை. ஆறு கொணர்ந்த வண்டல் படியப்படியக் கடல் விலகிச் சென்றது. இன்று கொற்கை கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர். கொற்கை இடம்பெயரவில்லை, அதனைச் சூழ்ந்த உலகம் இடம்பெயர்ந்தது. நிரலுக்கும் இதுவே நேர்கிறது. நிரல் அப்படியே இருக்க, பொறி மாறுகிறது, இயங்குதளம் மாறுகிறது, மொழியின் விதிகளும் மாறுகின்றன.

சி++ மொழியை எடுத்துக்கொள்வோம். 1990களில் டர்போ சி++ கொண்டு பயின்றோர் ‘ஐஓஸ்ட்ரீம்.எச்’ என்னும் தலைப்புக் கோப்பைச் சேர்த்தே நிரலைத் தொடங்கினர். 1998இல் வெளிவந்த பன்னாட்டுச் செந்தரம், ‘எச்’ என்னும் பின்னொட்டு இல்லாத ‘ஐஓஸ்ட்ரீம்’ என்பதையே ஏற்றது. பெற்றோரின் பழைய நோட்டிலுள்ள நிரலை இன்றைய நிரல்பெயர்ப்பியில் இட்டால், அது முதல் வரியிலேயே நின்றுவிடும். நோட்டில் ஒரு புள்ளியும் மாறவில்லை, கடல்தான் விலகியுள்ளது.

சில மாற்றங்கள் பாதுகாப்புக்காகச் செய்யப்படுபவை. சி மொழியின் ‘கெட்ஸ்’ என்னும் செயற்கூறு, கொள்கலத்தின் அளவை அறியாமலே உள்ளீட்டை வாங்கிக்கொள்ளும். நாழியில் மரக்கால் நெல்லைக் கொட்டுவது போன்றது இது; வழிந்தது அடுத்திருக்கும் நினைவகத்தைக் கெடுக்கும். 1988ஆம் ஆண்டு நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு கணினிகளுள் நுழையப் பயன்படுத்திய வழிகளுள் இதுவும் ஒன்று. எனினும் 2011ஆம் ஆண்டுச் செந்தரத்தில்தான் ‘கெட்ஸ்’ சி மொழியிலிருந்து நீக்கப்பட்டது. அதனைச் சார்ந்து எழுதப்பட்ட நிரல்கள் எண்ணற்றவை என்பதால், முதலில் எச்சரித்து, மாற்றுவழி காட்டி, பின்னரே நீக்கினர். ஊர் நடக்கும் பழைய பாலத்தை, புதிய பாலம் அமைக்காமல் இடிப்பதில்லை அல்லவா?

தெரிந்து தெளிவோம்

மென்பொருள் பராமரிப்பு நால்வகைப்படும்.
திருத்தப் பராமரிப்பு: கண்டறியப்பட்ட வழுவை நீக்குதல்.
தகவமைப்புப் பராமரிப்பு: புதிய பொறிக்கும் இயங்குதளத்திற்கும் ஏற்பப் பொருத்துதல்.
மேம்பாட்டுப் பராமரிப்பு: விரைவையும் வசதியையும் கூட்டுதல்.
தடுப்புப் பராமரிப்பு: பழுது நேருமுன் சிக்கலான பகுதிகளைச் செம்மைப்படுத்துதல்.

அன்றாடப் பணி

நிரல்பெயர்ப்பியின் வழு பிற வழுக்களைவிடக் கொடியது. நிரலர் சரியாக எழுதியும் விடை தவறாக வரும். குற்றம் தம்முடையது என எண்ணி அவர் நாள்கணக்கில் தேடுவார். எனவே இப்பணி மிகுந்த ஒழுங்குடன் நடைபெறுகிறது.

வழுவைக் கண்டவர் அதனை வெளிப்படுத்தும் மிகச்சிறிய நிரலை உருவாக்கிப் பொதுப் பதிவேட்டில் சேர்க்கிறார். ஒருவர் திருத்தம் எழுத, மற்றொருவர் அதனை மதிப்பிடுகிறார். வழுவைக் காட்டிய அச்சிறு நிரல் சோதனைத் தொகுப்பில் இடம்பெறுகிறது. அடுத்துவரும் ஒவ்வொரு பதிப்பும் அச்சோதனையைக் கடந்தாக வேண்டும் என்பதால், ஒருமுறை நீங்கிய வழு மீண்டும் தலைகாட்டினால் உடனே பிடிபடும்.

ஜி.சி.சி.யில் சுவையான தேர்வு ஒன்றும் உண்டு. முன்னரே இருக்கும் நிரல்பெயர்ப்பி, புதிய ஜி.சி.சி.யின் மூலநிரலைப் பெயர்க்கும். அவ்வாறு பிறந்தது தன் மூலநிரலைத் தானே மீண்டும் பெயர்க்கும். அதில் பிறந்ததும் அவ்வாறே செய்யும். இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்ப்பர். வேறுபட்டால் எங்கோ பிழை உள்ளது என்பது பொருள்.

தமிழெழுத்து கண்ட தடைகள்

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்று என்போம். பைத்தான் 2இல் இச்சொல்லை இயல்பான முறையில் ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 வடிவில் இட்டு நீளத்தைக் கேட்டால், 15 என்னும். அது எண்ணியது பைட்டுகளை. பைத்தான் 3 அதனை 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என அது எண்ணியது குறியீடுகளை. இரண்டும் தத்தம் விதிப்படி சரியே. ஆயினும் தமிழரின் கணக்கு மூன்று. அக்கணக்கைத் தருவதற்கெனத் தன்னார்வலர்கள் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல் நூலகத்தை எழுதியுள்ளனர்.

ஆத்தூர் மாணவி ஒருவர் வெற்றிலைக் கணக்குக்காகச் சி++ நிரல் எழுதி, மாறி ஒன்றுக்குக் ‘கவுளி’ எனப் பெயரிடுவதாகக் கொள்வோம். ஜி.சி.சி.யில் இப்பெயரைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதும் வசதி, 2020ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 10ஆம் பதிப்பில்தான் கிட்டியது. ஆங்கில எழுத்துக்கு 1987இலேயே இருந்த வசதி, ஏனைய எழுத்துகளுக்கு வந்துசேர 33 ஆண்டுகள் ஆயின. கடைமடைக்கு நீர் தாமதமாக வருவது என்பது இதுதான். மாணவியின் கணினியில் பழைய பதிப்பே இருந்தால் அந்நீர் இன்னும் வரவில்லை என்றே பொருள். நிரல்பெயர்ப்பி அவர் பெயரைப் பிழை எனத் தள்ளிவிடும்.

மற்றொரு சான்று காண்போம். நம் முன்னோர் 1/320 என்னும் பின்னத்தை முந்திரி என்றனர். முந்திரி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் இடம்பெற்றன. பைத்தான் 3.7 பதிப்புக்கு முந்திரிக் குறி ஓர் எண் என்பதே தெரியாது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த 3.8 பதிப்பு, அதன் மதிப்பு 0.003125 எனச் சரியாகக் கூறும். இவ்விரண்டுக்கும் இடையே நடந்தது புதிய ஒருங்குறிப் பட்டியலைச் சேர்க்கும் வழக்கமான பராமரிப்பே. அச்சிறுபணியால் ஒரு பழந்தமிழ் எண் கணினிக்குள் மீண்டும் எண்ணாயிற்று.

எழில் என்னும் முயற்சி

தமிழிலேயே நிரல் எழுதக் கற்பிக்கும் நோக்குடன் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய நிரல்மொழி ‘எழில்’. 2009இல் இதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. 2013இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. அதன் தோற்றம் வருமாறு:

@(மதிப்பெண் >= 35) ஆனால்
பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னும் வருவது தமிழ்த் தொடரமைப்புக்கு இயைந்தது. இம்மொழி பைத்தானின்மீது கட்டப்பட்டது. பைத்தான் 2க்கும் 3க்கும் இடையே இன்றியமையா வேறுபாடுகள் பல. 7ஐ 2ஆல் வகுத்தால் முன்னது 3 என்னும், பின்னது 3.5 என்னும். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. 2020 ஜனவரி 1ஆம் நாளோடு பைத்தான் 2க்கான ஆதரவு நின்றது. அடித்தளம் இவ்வாறு மாறும்போது அதன்மேல் எழுந்த கட்டடமும் வரிவரியாகச் சரிபார்க்கப்பட வேண்டும். ஒரு மொழியை உருவாக்குவது ஒருமுறை செய்யும் பணி. அதனை வாழவைப்பது முடிவுறாப் பணி.

நம் பங்கு

தூர்வாருவோரின் பெயரைக் குளக்கரையில் எவரும் பொறிப்பதில்லை. நிரல்பெயர்ப்பியைப் பேணுவோரும் அத்தகையோரே. அவர்கள் பணி செவ்வனே நடந்தால் எவரும் அதனை உணர்வதில்லை. ஆனால் ‘கவுளி’ என்னும் பெயர் ஏற்கப்படவில்லை என்பதையும், ‘தமிழ்’ என்பதற்கு மூன்றெழுத்து என்பதையும் தமிழ் அறிந்தவரே முதலில் கூற இயலும். பிறர் நம்மை வெறுப்பதால் அன்று, அவர்கள் நம் வாய்க்காலில் நடந்து பார்த்ததில்லை என்பதால் அத்தூர் அங்கேயே கிடக்கிறது.

ஒரு வழுவைத் தெளிவாக எழுதி அறிவித்தல், பிழைச்செய்தி ஒன்றைத் தமிழாக்குதல், தமிழ்ச்சொற்களால் ஒரு சோதனை நிரல் அமைத்தல் ஆகியன பதினொன்றாம் வகுப்பு மாணவரும் செய்யத்தக்க பணிகள். ஒவ்வொன்றும் ஒரு கூடை மண்ணை அள்ளிக் கரையேற்றுவதற்கு ஒப்பாகும். கூடை சிறிதே; ஆனால் கடைமடைக்கு நீர் வந்ததெல்லாம் கூடைகூடையாக அள்ளியவர்களால்தான்.

கற்பவை கற்றபின்

1. பழைய சி++ நூல் ஒன்றிலுள்ள நிரலைப் பள்ளிக் கணினியில் இயக்கி, தோன்றும் பிழைச்செய்திகளைப் பட்டியலிடுக.
2. உம் பெயரின் எழுத்துகளைத் தமிழ் முறைப்படியும் பைத்தான் 3 கொண்டும் எண்ணி, வேறுபாட்டிற்கான காரணத்தை எழுதுக.
3. உம் ஊரில் கூடிச்செய்யப்படும் பராமரிப்புப் பணி ஒன்றைக் கட்டற்ற மென்பொருள் பராமரிப்புடன் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.