மறக்கும் வலையும் நினைவூட்டும் உலாவியும்

மறதி மனிதருக்கு இயல்பு என்பது நாம் அறிந்ததே. ஆனால் உலகெங்கும் பரந்து கிடக்கும் வலையும் பிறவியிலேயே மறதி உடையது என்றால் நம்ப முடிகிறதா? தோழிகளே, அதுவே உண்மை!

1989-ஆம் ஆண்டு ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர் இவ்வலைக்கான திட்டத்தை வகுத்தார். அவர் அமைத்த முறையில், நம் கணிப்பொறியிலுள்ள உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும். எங்கோ உள்ள வழங்கி அதனை அனுப்பி வைக்கும். அத்துடன் அலுவல் முடிந்தது. மறுநொடியே நாம் வேறொரு பக்கத்தைக் கேட்டாலும் வழங்கிக்கு நாம் புதியவரே. படிப்பதற்கு மட்டும் இது போதும். ஆனால் பொருள் வாங்கவும் விண்ணப்பம் நிரப்பவும் வலை பயன்படத் தொடங்கியபோது இம்மறதி பெருங்குறையாயிற்று. கூடையில் இட்ட பொருள் அடுத்த பக்கம் செல்வதற்குள் மறைந்தால் எவ்வாறு வாங்குவது?

1994-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி என்னும் இளம் பொறியாளர் இதற்கு வழி கண்டார். பெரிய கடைகளில் நம் பையை வாங்கி வைத்துக்கொண்டு எண்ணிட்ட டோக்கன் ஒன்றைத் தருவார்கள் அல்லவா? அதைப்போல வழங்கி ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுக்கும். உலாவி அதைப் பத்திரப்படுத்தி, மறுமுறை செல்லும்போது காட்டும். இதற்குக் 'குக்கி' என்று பெயர். இதன் அளவு ஏறத்தாழ 4 கிலோபைட் மட்டுமே. மேலும், ஒவ்வொரு முறையும் இது வழங்கிக்குச் சென்றாக வேண்டும். ஆகவே பெரிய செய்திகளை வைக்க இது ஏற்றதன்று.

பின்னர் உலாவிக்குள்ளேயே சேமிப்பிடங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் மூன்றைக் காண்போம். 'செஷன் ஸ்டோரேஜ்' என்பது வகுப்பறைக் கரும்பலகை போன்றது. பக்கத்தை மூடினால் எழுதியது அழிந்துவிடும். 'லோக்கல் ஸ்டோரேஜ்' குறிப்பேடு போன்றது. கணிப்பொறியை அணைத்தாலும் எழுதியது நிற்கும். ஒவ்வொரு தளத்திற்கும் ஏறத்தாழ 5 மெகாபைட் இடம் உண்டு. ஆனால் எழுத்து வடிவில் மட்டுமே இதில் எழுத முடியும். எனவே பட்டியல் முதலியவற்றை 'ஜேசன்' என்னும் எழுத்து வடிவத்திற்கு மாற்றியே வைப்பர். படங்களையும் பெரிய தொகுப்புகளையும் வைக்க 'இண்டெக்ஸ்டு டிபி' உள்ளது. இது அட்டவணையுடன் கூடிய நூலக அலமாரிக்கு ஒப்பாகும்.

ஒரு தளத்தின் குறிப்பேட்டை மற்றொரு தளம் படிக்க இயலாது. ஆனால் அதே கணிப்பொறியில், அதே உலாவியில், அதே தளத்தைத் திறக்கும் மற்றொரு மனிதரை இக்காவல் தடுக்காது. இதனை நான் அறிந்துகொண்ட விதத்தைக் கூறுகிறேன்.

என் தோழி ஒருத்தி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை ஒரு கணிப்பொறி மையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தாள். திடீரென மின்சாரம் நின்றது. பாதி எழுதியதெல்லாம் போயிற்றே என்று கண் கலங்கினாள். மின்சாரம் வந்து பக்கத்தைத் திறந்தபோது எழுதியவை அப்படியே இருந்தன! அதைச் செய்தவர் ஒவ்வொரு கட்டத்தையும் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதி வைத்திருந்தார். மகிழ்ச்சியுடன், மீதியை மறுநாள் முடிக்கலாம் என்று வீடு திரும்பினாள். மறுநாள் அதே கணிப்பொறியின் முன் வேறொரு மாணவி அமர்ந்து அதே விண்ணப்பத்தைத் திறந்திருந்தாள். திரையில் என் தோழியின் பெயர், அவள் தந்தையாரின் வருமானம், வங்கிக் கணக்கு எண் யாவும் தெரிந்தன! முதல் நாள் அவளைக் காப்பாற்றிய அதே நினைவு, மறுநாள் அவளைத் தலைகுனியச் செய்தது.

ஆகவே, பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில் தனிமறைவுச் சன்னலைத் திறந்து வேலை செய்வது நலம். அதை மூடியதும் அதில் சேமித்தவை நீங்கிவிடும். மறந்துவிட்டால், உலாவியின் அமைப்புகளுக்குச் சென்று தளத்தின் தரவை நீக்கிவிட்டு எழ வேண்டும்.

வருங்காலத்தில் இத்தகைய செயலிகளை எழுதப்போகும் தோழிகளுக்கும் கடமை உண்டு. கடவுச்சொல், கணக்கு எண் போன்றவற்றைக் குறிப்பேட்டில் வைத்தலாகாது. விண்ணப்பம் அனுப்பப்பட்டவுடன் வரைவை அழித்துவிட வேண்டும். சேமித்த குறிப்பு பழுதாகியிருந்தால் செயலி நின்றுவிடாமல் வெற்றுப் பக்கத்துடன் தொடங்க வேண்டும். உலாவியின் நினைவு நிலையானதன்று என்பதையும் மறத்தலாகாது. வேறு கணிப்பொறியில் அது கிடைக்காது. 2020-ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி, அதை நாம் பயன்படுத்தும் நாட்களில் ஏழு நாள் ஒரு தளத்தைத் தொடாதிருந்தால், அத்தளம் இவ்வாறு எழுதி வைத்தவற்றை நீக்கிவிடுகிறது. ஆதலால் இன்றியமையாதவற்றை வழங்கியிலும் சேமித்தல் வேண்டும்.

என் தோழிக்கு உதவித்தொகை கிடைத்தது. இப்போது அவள் எந்தக் கணிப்பொறியை விட்டு எழுந்தாலும், வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைத் துடைப்பது போல, தன் சுவடுகளைத் துடைத்துவிட்டே எழுகிறாள். நாமும் அவ்வாறே செய்வோமாக!