கடலோரக் கிணறுகளில் உவர்நீர் ஏறும் கணக்கு

எளாவூரைச் சுற்றிப் பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் குடியானவர்களுக்கு ஒரு விஷயம் நெடுநாளாகப் புதிராக இருந்து வருகிறது. மீனவர் குப்பங்களில் மணல் மேட்டிலே இடுப்பளவு தோண்டிய குழியில் ஊறும் நீர் குடிக்கத் தக்கதாயிருக்கிறது. அதற்குச் சற்றுத் தூரத்தில் பெரும்பொருள் செலவிட்டு இறக்கிய ஆழ்துளைக் கிணறோ, சில போகங்கள் நல்ல நீர் தந்து பின்னர் உவர்த்துவிடுகிறது. இன்னும் ஆழத்தில் நல்ல ஊற்று அகப்படுமென்று மேற்கொண்டு துளையிட்டால் உப்பு அதிகமாகிறதேயன்றிக் குறைவதில்லை. துளையிட்டவன் மீது குற்றம் சுமத்துவோர் உண்டு. அவன் மீது யாதொரு குற்றமும் இல்லை. இதற்குரிய காரணம் பள்ளிச் சிறுவரும் போடத்தக்க ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.

நிலையாக நிற்கும் திரவம் தன் அடிப்பாகத்தை அமுக்கும் அளவு, அத்திரவத்தின் உயரத்தையும் அடர்த்தியையுமே பொறுத்தது. கிணறு அகலமானதா குறுகலானதா என்பதற்கு இதில் இடமில்லை. ஒரு கன சென்டிமீட்டர் நன்னீர் ஒரு கிராம் எடையுள்ளது; ஆகவே 10 மீட்டர் உயரமுள்ள நன்னீர், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 1 கிலோகிராம் அமுக்கத்தை உண்டாக்கும். இதனைத் திருப்பினால், அமுக்கத்தை அடர்த்தியால் வகுக்க உயரம் கிடைக்கும். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு கனமுடையது. ஆகாயத்தின் அமுக்கம் 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்குமாதலால், நீரை 10.33 மீட்டர் வரையில் தாங்கும். மேலே வைத்த பம்பு எவ்வளவு குதிரைத்திறன் உடையதாயினும் இதற்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதும், அனுபவத்தில் சுமார் 7 மீட்டரே கைகூடும் என்பதும் இதனாலேதான்.

துளைக் கிணற்றில் நீர்மட்டத்தை அறியவும் இதே கணக்கு உதவும். பம்புக் குழாயோடு சேர்த்து ஒரு மெல்லிய காற்றுக் குழாயை, நுனி நீருக்குள் நன்றாக அமிழும்படி இறக்கி, மேல்முனையில் அமுக்கமானியைப் பொருத்தி, கைப்பம்பினால் காற்றை அடைக்க வேண்டும். குழாய்க்குள் இருந்த நீர் முழுவதும் வெளியேறியபின் முள் மேலே ஏறாமல் நின்றுவிடும். குழாயின் நீளம் 10 மீட்டர் என்றும், முள் 0.60 கிலோகிராமில் நின்றது என்றும் கொள்வோம். 600 கிராமை 1ஆல் வகுக்க 600 சென்டிமீட்டர். எனவே நீர்மட்டம் கிணற்று வாயிலிருந்து 4 மீட்டர் கீழே உள்ளது. நீர் உவர்த்து அடர்த்தி 1.02 ஆக இருப்பின் உயரம் 588 சென்டிமீட்டரே, மட்டம் 4.12 மீட்டர் கீழே போய்விடும். இந்தப் 12 சென்டிமீட்டர் அற்பமென்று எண்ணுவோர் அடுத்துச் சொல்லும் செய்தியைக் கவனிக்க வேண்டும். (திறந்த கிணற்றுக்கு இக்கருவி வேண்டியதில்லை, சுண்ணம் தடவிய அளவு நாடாவே போதும்.)

கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. கடலோர மணலில் மழைநீர் இறங்கும்போது, அடியிலுள்ள கடல்நீரோடு முற்றும் கலந்துவிடாமல், கனம் குறைந்ததாதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. இரண்டும் சமநிலையில் நிற்க வேண்டுமானால், எல்லையில் இருபுறத்து அமுக்கமும் ஒத்திருக்க வேண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் கடல்நீர் தரும் அமுக்கம் 40ஐ 1.025ஆல் பெருக்கிய அளவு, அதாவது 41 மீட்டர் நன்னீர் தருவதாகும். ஆகவே நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், அதன் அடி, கடல் மட்டத்துக்குக் கீழ் 40 மீட்டர் வரை எட்டும். ஒன்றுக்கு நாற்பது என்னும் இவ்விகிதத்தை 1888-89இல் டச்சுப் பொறியாளர் பாதோன் கைபென் என்பாரும், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் என்பாரும் தனித்தனியே எடுத்துக் கூறினர். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரரின் நாட்டிலும் கடலோர மணலில் குடிநீர் தேடும் தொல்லை இருந்தது.

இனி எளாவூர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றைக் கற்பித்துக் கொள்வோம். தை மாதத்தில் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 80 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. நன்னீரின் அடி 32 மீட்டர் ஆழத்தில் இருக்கும். கடல் மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே முடியும் துளைக்கு யாதொரு பயமும் இல்லை. இரவு பகலாக மோட்டார் ஓடிச் சித்திரையில் மட்டம் 60 சென்டிமீட்டர் இறங்கிவிட்டால், மிஞ்சியது 20 சென்டிமீட்டர்; நன்னீரின் அடி 8 மீட்டருக்கு ஏற முயலும். அப்பொழுது 20 மீட்டர்த் துளை உவர்நீருக்குள் நிற்கிறது. 4 மீட்டர்க் கேணியோ நன்னீருக்குள்ளேயே இருக்கிறது. குப்பத்து மணற்குழியின் இரகசியம் இதுவே. இம்மாறுதல் ஒரே நாளில் முடிவதன்று. மணலின் வழியே மெல்ல நிகழ்வது. ஆயினும் ஓடுகின்ற பம்பின் நேர் கீழே மட்டம் மிகத் தாழ்வதால், அவ்விடத்தில் உவர்நீர் கூம்பைப்போல் விரைந்து எழும்பும். இடையில் களிமண் படுகை இருந்தால் கணக்கு மாறும். எல்லையும் கோடு கிழித்தாற்போல் இராது, இரு நீரும் கலந்த ஒரு பட்டையாகவே இருக்கும்.

பழவேற்காடு ஏரி விஷயத்தில் மற்றொன்றையும் கருத வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகளின் வெள்ளம் வந்து ஏரிநீரின் உப்பைத் தணிக்கிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, வெயிலில் நீர் வற்றி, கடலைக் காட்டிலும் உவர்ப்பு மிகுவதுண்டு. அடர்த்தி 1.035 ஆகுமாயின், ஒன்றுக்கு நாற்பது என்பது ஒன்றுக்கு ஏறத்தாழ 28½ ஆகக் குறைந்துவிடும். பம்பு அதிகமாக ஓடும் பருவமும் அதுவேயாதலால், கேடு இரட்டிப்பாகிறது.

மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் சமநிலைக்கே வழியில்லை. கடல்நீர் நிலத்தை நோக்கி நகரத் தொடங்கும். எளாவூருக்குத் தெற்கே மீஞ்சூர் வட்டாரத்தில் நேர்ந்தது இதுவே. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் உதவியுடன் ஆரணியாறு, கொசத்தலையாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. பின்னர்ச் சென்னைக்கும் ஆலைகளுக்கும் பாசனத்துக்கும் இறைத்த நீர், மழை தந்ததினும் மிகுதியாயிற்று. உவர்நீர் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உட்புகுந்தது. 1987இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே திறக்க வேண்டியதாயிற்று.

நூற்றுக்கு ஐந்து பங்கு கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு 1.75 கிராம் உப்பு சேரும். நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் தருணத்திலும் உப்பைச் சகிப்பதில்லை. ஆதலால் ஏரிக்கரையை ஒட்டியவர்கள் ஒரே ஆழத்துளையில் பெரிய மோட்டாரை வைப்பதை விடுத்து, ஆழமில்லாத கேணிகள் இரண்டு மூன்றைத் தள்ளித் தள்ளி வெட்டி, சிறு பம்பினால் மாற்றி மாற்றி, இடையே ஓய்வு கொடுத்து இறைப்பது மேல். மழைநீரை வயல் வரப்பிலும் குட்டையிலும் தேக்கி மண்ணில் இறக்கினால், உயரும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டரும் நாளடைவில் உவர்நீரை 4 மீட்டர் கீழே தள்ளும். உவர்த்துப்போன துளையை மேலும் ஆழப்படுத்துவதில் பணத்தைப் போடலாகாது.

முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் ஏரியின் மட்டம் கடல் மட்டத்தை ஒட்டியிருக்கும். ஏரி அருகிலுள்ள கிணறாயின், கொத்தனார் உபயோகிக்கும் நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு, ஏரிமட்டத்துக்கும் கிணற்று வாய்க்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை அளந்து சுவரில் குறித்துக்கொள்ளலாம். தூரமாயின் சர்வேயர் உதவி வேண்டும். அதன்பின் மாதந்தோறும், பம்பை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின் நீர்மட்டத்தை அளந்து எழுதிவர வேண்டும். தை, சித்திரை மாதங்களில் ஒரு புட்டி நீரை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி, மின்கடத்தும் திறனையும் அந்தக் குறிப்பேட்டிலேயே பதிந்துகொள்ளலாம். அது மீட்டருக்கு 3 டெசிசீமென்சைத் தாண்டுமாயின், அந்நீரை நாற்றங்காலுக்கு விடலாகாது.