மலிவு நகலின் கணக்கு

பழைய பிக்-அப் வண்டியை அதிவேக அமெரிக்க வண்டியின் நகலாக்கும் ஆசை தாம்பரம் வட்டார இளைஞருக்கு எழுவது இயல்பே. (ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் அந்த வேகத்துக்கு இடமேது என்பது வேறு.) புதுப்பேட்டையில் உதிரிபாகங்கள் மலிவு. ஆனால், இன்ஜின் திறனைக் கூட்டினால் பிரேக், சஸ்பென்ஷன், டயர் அனைத்தையும் அதற்கீடாக மாற்றியாக வேண்டும். செலவு பெருகுவது அங்கேதான். சிக்கனம் கருதுவோர் விட்டுவிடுவதும் அதையே.

கணக்கில் விடுபடும் மற்றொன்று சட்டம். தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பினின்று வண்டி மாறுபடுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ விதிப்படி மாற்றிக்கொள்ள அதே பிரிவு இடமளிக்கிறது.