40 சதவீதமும் 44 படிகளும்

போன ஜூனில் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். சாயங்காலம் பையைத் திறந்தால் தண்ணீர் பாட்டில் காலையில் ஊற்றினது ஊற்றினபடியே இருந்தது. ஒரு நாள் என்றால் மறந்திருப்பாள். தினமும் அப்படியே. கேட்டால் "தாகமே எடுக்கலப்பா" என்றாள். ராத்திரி படுக்கும்போது என் மனைவிதான் மெதுவாகப் பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்கினாள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகணும். பாத்ரூம் தரைத்தளத்தில், வகுப்பு இரண்டாம் மாடியில். இறங்கி ஏறி வருவதற்குள் பாதி பீரியட் போய்விடும், எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் குடிப்பதில்லை.

அவளுக்கு செரிப்ரல் பால்சி என்கிற பெருமூளை வாதம், வலது பக்கம் மட்டும், லேசான வகை. நடப்பாள், ஓடக்கூடச் செய்வாள். வலது காலில் பிளாஸ்டிக் பிளவு ஒன்று, அதன் மேல் ஷூ. வலது கை பொருளை அழுத்திப் பிடிக்காது. பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. அதுவே ஒரு சிக்கல்.

பள்ளியில் போய்க் கேட்டேன். வகுப்பைக் கீழே மாற்ற முடியுமா என்றேன். "சர்டிபிகேட்டில் எத்தனை பர்சன்டேஜ் சார்?" என்றார்கள். 35. "40 இருந்தாத்தான் சார் சலுகை, கவர்ன்மென்ட் ரூல்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நானும் நம்பி வந்துவிட்டேன். 40 என்கிற எண்ணை அதற்கு முன்னால் பஸ் பாஸ், உதவித்தொகை என்று பல இடங்களில் கேட்டிருந்ததால் சந்தேகமே வரவில்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐ இறக்கி முதலிலிருந்து படித்தேன். வேலை சாஃப்ட்வேர் என்றாலும் ஸ்பெசிஃபிகேஷன் படிப்பது பழகின விஷயம்தானே. முதலில் டெஃபினிஷன் பகுதியைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சட்டத்தில் இரண்டு தனித்தனி வரையறைகள் இருக்கின்றன. ஒன்று, 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்கள். ஆங்கிலத்தில் பெஞ்ச்மார்க் டிஸெபிலிட்டி என்கிறார்கள். இன்னொன்று வெறுமனே மாற்றுத்திறனாளி: நீண்டகாலக் குறைபாடு உள்ளவர், அந்தக் குறைபாடு தடைகளோடு சேரும்போது மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க முடியாமல் போகிறவர். இரண்டாவதில் சதவீதமே இல்லை. தடை என்ற சொல் வரையறைக்குள்ளேயே வருவதைக் கவனியுங்கள். மெடிக்கல் போர்டு கொடுக்கும் சதவீதம் உடம்பை அளக்கிறது. எங்கள் பள்ளியின் 44 மாடிப்படிகளை யாரும் அளக்கவில்லை.

எந்தப் பிரிவு எந்த வரையறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அடுத்துப் பார்த்தேன். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, பிரிவு 31, அதற்கு 40 வேண்டும். இலவச உபகரணங்கள், உதவித்தொகை, அதற்கும் வேண்டும். ஆனால் பிரிவு 16, பள்ளிகளின் கடமையைப் பற்றியது, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் என்று மட்டும்தான் சொல்கிறது. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தை அணுகத்தக்கதாக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு செய்துதர வேண்டும். அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் இது பொருந்தும், அதாவது தனியார் பள்ளிக்கும்தான். சலுகைக்குத்தான் 40 தேவை. நான் கேட்டது சலுகையே இல்லை.

நானாக இப்படி அர்த்தம் பண்ணிக்கொள்கிறேனோ என்று பயமாகவும் இருந்தது. தேடினபோது விகாஷ் குமார் எதிர் யூ.பி.எஸ்.சி. வழக்கு கிடைத்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் சிவில் சர்வீஸ் தேர்வுக்குத் தனக்காக எழுத ஆள் கேட்டார். 40 இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 40 சதவீத அளவுகோலைக் காட்டி நியாயமான ஏற்பாட்டை மறுக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் 40-க்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கென்று மத்திய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது: எழுத ஆள், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது இப்போது தேவையில்லை. ஆனால் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.

நியாயமான என்ற சொல்லுக்கும் சட்டத்தில் எல்லை உண்டு. அளவுக்கு மீறிய சுமை ஆகக் கூடாது. இது பள்ளிக்குப் பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கு இது பெற்றோருக்கான வழிகாட்டி மாதிரிப் பட்டது. லிஃப்ட் கேட்டால் சுமை என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருக்கிறது. கீழே இருக்கும் நான்காம் வகுப்பை மேலே அனுப்பிவிட்டு ஒன்றாம் வகுப்பைக் கீழே கொண்டுவரச் சொன்னால் என்ன சுமை? ஒரு சனிக்கிழமை பெஞ்ச் தூக்குகிற வேலை.

அதனால் கடிதத்தை பக் ரிப்போர்ட் மாதிரி எழுதினேன். ஆபீஸில் "லாகின் வேலை செய்யவில்லை" என்று யாராவது எழுதினால் எங்களால் ஒன்றும் பண்ண முடியாது. எங்கே, எப்போது, என்ன செய்தபோது என்று வேண்டும். "குழந்தைக்குச் சிரமமாக இருக்கிறது" என்பதும் அதே ரகம். பிசியோதெரபிஸ்ட்டோடு உட்கார்ந்து காலை 8.30 கேட்டிலிருந்து மாலை 3.15 வரை அவளுடைய நாளை நடந்து பார்த்தோம். நோயின் பெயருக்கு ஒரே வரி; மிச்சமெல்லாம் எங்கே மாட்டுகிறாள், என்ன செய்தால் போதும் என்பது. படிகளில் கைப்பிடி இடது பக்கம் மட்டும் இருக்கிறது, ஏறும்போது சரி, இறங்கும்போது பிடிக்க ஒன்றுமில்லை. எழுதும்போது நோட்டை வலது கையால் அழுத்த முடியாததால் நழுவுகிறது; டெஸ்க்கில் ரப்பர் மேட் போதும், நாங்களே வாங்கித் தருகிறோம். கால் தரையில் பதியாமல் தொங்கினால் உடம்பு சாய்கிறது; ஒரு மரப்பலகை வேண்டும். பாத்ரூமுக்கு மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் விட வேண்டும், ஆயாம்மா கதவுக்கு வெளியே நின்றால் போதும். டிபன் பாக்ஸ் மூடியும் யூனிஃபார்ம் ஹூக்கும் எங்கள் பிரச்சினை, ஒரே கையில் திறக்கிற டப்பா, எலாஸ்டிக் வைத்த பாவாடை என்று வீட்டிலேயே முடித்துவிட்டோம்.

பள்ளி முகப்பில் இரண்டு படிகள், ஆறு ஆறு அங்குலம். இது அவளுக்குத் தேவையில்லை, ஆனாலும் எழுதினேன். சாய்தளத்துக்கு 1:12 சரிவு வேண்டும், அதாவது 12 அங்குல உயரத்துக்கு 12 அடி நீளம். பல இடங்களில் இரண்டு படி மேல் நாலடிப் பலகை சாய்த்ததுபோல் சிமென்ட் பூசிவிட்டு ராம்ப் என்கிறார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், புரியும்.

சட்டத்தை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் பெரிய விவாதம். சட்டம் பேசினால் கோபத்தைக் குழந்தைமேல் காட்டுவார்களோ என்று மனைவிக்குப் பயம். அந்தப் பயம் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாள் முழுக்க அங்கே இருக்கப்போவது அவள். கடைசியில் பிரிவு 16-ஐ ஒரே வரியில் கடைசிப் பத்தியில் வைத்தோம். மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம் என்பதை எழுதவே இல்லை. கடிதத்தைக் கையில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினேன். அது போதுமான எச்சரிக்கை. அரசுப் பள்ளி என்றால் இன்னொரு வழி இருக்கிறது: சமக்ர சிக்ஷாவின் கீழ் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், முதலில் அவர்களைப் பாருங்கள்.

பத்து நாள் பதில் இல்லை. பிறகு கூப்பிட்டார்கள். வகுப்பு மாற்றுவதற்குக் காலாண்டு விடுமுறை வரை டைம் கேட்டார்கள், கொடுத்தேன். மேட்டும் பலகையும் மறுநாளே வந்துவிட்டன. உண்மையில் எங்களுக்கு வழிவிட்டவர் கிளாஸ் மிஸ். "இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேனே சார்" என்றார். நாங்கள் சேர்க்கும்போது நோயின் பெயரை மட்டும் சொன்னோம், மீதி அவருக்கே புரியும் என்று நினைத்துவிட்டோம்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. கம்ப்யூட்டர் லேபுக்குள் ஷூ போடக் கூடாது. ஷூ இல்லாமல் பிளவு மட்டும் போட்டு டைல்ஸில் நடந்தால் வழுக்கும். லேபுக்கென்று தனியாகச் சுத்தமான ஒரு ஜோடி ஷூ வாங்கி வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். மாற்றிவிட ஆள் வேண்டுமே என்கிறார்கள். வாரம் ஒரு பீரியட், அவள் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த கடிதம் அதற்குத்தான். ஜூனில் வகுப்பும் மிஸ்ஸும் மாறும் என்பதால் பழைய கடிதத்தையும் சேர்த்து மறுபடி கொடுக்க வேண்டும்.

பாட்டில் இப்போது முக்கால்வாசி காலியாகத்தான் வருகிறது.