புதிதாய் நட்ட தோப்பைக் காப்போம்

பளை என்றதும் எமக்குத் தென்னை நினைவுக்கு வரும். இயக்கச்சி, சோரன்பற்று, புலோப்பளை, முகமாலை எனப் பச்சிலைப்பள்ளியின் மணல் நிலமெங்கும் தோப்புகள் தொடர்ந்து நின்ற காலத்தை எமது மூத்தோர் கண்டவர்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு கைமாறிய பின்னர் முகமாலை முன்னரங்கமாயிற்று. 2006 ஓகஸ்டில் அங்கே மீண்டும் சண்டை மூண்டது. 2009இல் போர் முடிந்தபோது பல தோப்புகளில் எஞ்சியிருந்தவை தலை அறுந்த முண்டங்கள்தான். இன்னும் எத்தனையோ மரங்கள் பதுங்குகுழிக் கூரைகளுக்காகத் தறிக்கப்பட்டுப் போயின.

மீளக் குடியேறிய குடும்பங்கள் மீண்டும் கன்று நட்டன. ஆனால் "நட்ட கன்றில் பாதி குருத்தோடு போய்விட்டது" என்ற பேச்சை நாம் பல வீடுகளிலும் கேட்கிறோம். தண்ணீர் ஊற்றியும் பசளை போட்டும் கன்று ஏன் போகிறது? மண்ணில் குறையென்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறை மண்ணில் இல்லை. தோப்பின் ஓரத்தில் உக்கிக்கொண்டு கிடக்கும் பழைய மரக்குற்றியில் இருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்ததாகும்.

கருவண்டு

காண்டாமிருக வண்டு என்றும் இதனைச் சொல்வர். தலையில் சிறு கொம்புடன் கருமையாக இருக்கும். வளர்ந்த வண்டு இரவில் பறந்து வந்து தென்னையின் மட்டை இடுக்கினூடாகத் துளைத்து, விரியாத குருத்தைத் தின்னும். பின்னர் அந்த ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முக்கோண வடிவில் வெட்டுகள் தெரியும். வளர்ந்த மரம் இதைத் தாங்கும். இரண்டு மூன்று வயதுக் கன்றில் வண்டு வளர்முனையைத் தொட்டுவிட்டால் கன்று செத்துவிடும். பனையையும் இவ்வண்டு விட்டுவைப்பதில்லை.

ஆனால் வண்டு பிறப்பது தென்னையின் தலையில் அல்ல. தாய் வண்டு முட்டையிடுவது உக்கிய தென்னை, பனை மரக்குற்றிகளிலும், எருக்குவியலிலும், குப்பைக் கிடங்கிலும்தான். சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்களில் முட்டை பொரிக்கும். வெண்ணிறமான பருத்த புழு வளைந்து படுத்தபடி பல மாதங்கள் அந்த உக்கலைத் தின்று வளரும். பின்னர் கூட்டுப்புழுவாகி வண்டாக வெளிவரும். போரில் செத்த ஒவ்வொரு மரமும் இப்படி ஒரு வண்டுப் பண்ணையாகிவிட்டது.

இவ்வண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எமது நாட்டுக்கே தொடர்புள்ள ஒரு கதை உண்டு. 1909ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து பசுபிக் கடலிலுள்ள சமோவாத் தீவுக்கு இறப்பர்க் கன்றுகள் கப்பலில் அனுப்பப்பட்டன. அவற்றோடு இவ்வண்டும் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மற்றத் தீவுகளுக்கும் பரவித் தென்னையை நம்பி வாழ்ந்த மக்களைப் பெரிதும் வருத்தியது. 1960களில் மலேசியாவில் இவ்வண்டைக் கொல்லும் ஒரு வைரசைக் கண்டுபிடித்துச் சமோவாவில் விட்ட பின்னரே தாக்கம் தணிந்தது. கன்றோடும் மண்ணோடும் பூச்சியும் பயணம் செய்யும் என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கன்று நடுமுன் காணியிலுள்ள செத்த மரங்களையும் அடிக்குற்றிகளையும் அகற்றுங்கள். குற்றியைப் பிளந்து வெயிலில் காயவிட்டு விறகாக்கலாம். பிளக்கும்போது வெளிவரும் புழுக்களைக் கோழிகளுக்குப் போடலாம்.

2. எருக்கிடங்கை மாதக்கணக்கில் அப்படியே விடவேண்டாம். இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். புழு வண்டாக மாறுமுன் அது எம் கையில் அகப்பட வேண்டும்.

3. வாரம் ஒருமுறை ஒவ்வொரு கன்றின் குருத்தையும் பாருங்கள். புதிதாகச் சப்பித் துப்பிய தும்பு துளைவாயில் தெரிந்தால் வண்டு உள்ளேதான் இருக்கிறது. நுனி வளைத்த கம்பியை மெதுவாக விட்டுக் குத்தி வெளியே எடுங்கள். குருத்தைக் காயப்படுத்தாமல் செய்யவேண்டும்.

4. வேப்பம் பிண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தைச் சுற்றியுள்ள மட்டை இடுக்குகளில் இடுங்கள். நப்தலீன் எனப்படும் பூச்சி உருண்டை மூன்று நான்கை இடுக்குகளில் வைத்து மணலால் மூடுவதும் பயன் தரும். உருண்டை கரைந்ததும் புதிதாக வைக்கவேண்டும். சிறு பிள்ளைகளின் கைக்கு அது எட்டக்கூடாது.

5. வண்டை மணத்தால் கவரும் பொறிகளும் உண்டு. இவற்றைத் தோப்பின் நடுவில் தொங்கவிட்டால் அயல் வண்டையும் எமது கன்றுக்கே அழைத்ததாகும். தோப்புக்கு வெளியே, பலர் சேர்ந்து வைப்பதே நல்லது.

ஓர் எச்சரிக்கை

கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிசெய்யப்படாத காணியில் எந்தக் குற்றியையும் புரட்டவோ, கிண்டவோ, எரிக்கவோ வேண்டாம். துப்புரவாக்கிய காணியிலும் மண்ணுக்குள் வெடிக்காத எறிகணை இருக்கக்கூடும். அதன்மேல் தீ மூட்டினால் வெடித்துவிடும். ஆகவே குற்றிகளை ஓரிடத்தில் குவித்து எரிப்பதை விடப் பிளந்து காயவைப்பதே பாதுகாப்பானது. போர் நடந்த இடத்து மரங்களினுள் இரும்புச் சிதறல்கள் புதைந்திருக்கும். வாள் போடுமுன் கவனியுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் இடத்தை அடையாளமிட்டுக் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். ஒரு கன்றுக்காக ஒரு காலை இழக்கவேண்டாம்.

செவ்வண்டு

செந்நிறமாய், நீண்ட மூக்குடன் இருக்கும் கூன்வண்டு இது. காயம்பட்ட இடத்தைத் தேடி முட்டையிடும். கருவண்டு போட்ட துளை, கத்தி பட்ட வெட்டு, ஆடு மாடு கடித்த இடம் எல்லாம் இதற்கு வாசல்களே. புழுக்கள் தண்டின் உள்ளே தின்பதால் வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடும். மூன்று முதல் பத்து வயது வரையான மரங்களே கூடுதலாகப் பாதிக்கப்படும்.

தண்டில் சிறு துளை, அதிலிருந்து வடியும் மண்ணிறச் சாறு, சப்பிய தும்பு, புளித்த மணம் ஆகியவை அடையாளங்கள். அமைதியான வேளையில் தண்டில் காதை வைத்துக் கேட்டால் புழுக்கள் நறுநறுவென்று தின்னும் ஒலி கேட்கும்.

பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டவே கூடாது. வெட்டத்தான் வேண்டுமென்றால் நான்கு அடி நீளம் விட்டு வெட்டுங்கள். காயங்களுக்குத் தார் பூசுங்கள். தலை சாய்ந்து காப்பாற்ற முடியாத மரத்தை உடனே தறித்து, பிளந்து, உள்ளிருக்கும் புழு, கூடு எல்லாவற்றையும் அழிக்கவேண்டும். அதை "நிற்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று விட்டால் பக்கத்து மரங்களையும் இழப்போம்.

கறையான்

மழை ஓய்ந்து நிலம் காய்ந்ததும் கறையான் கன்றின் அடியை நாடும். நடுக்குருத்து வாடியிருக்கும் கன்றைப் பிடுங்கிப் பார்த்தால் தேங்காயும் கழுத்தும் அரிக்கப்பட்டிருக்கும். உக்காத சருகையும் பச்சை எருவையும் கன்றின் கழுத்தோடு அணைத்துப் போடவேண்டாம். மூடாக்கு ஓரடி தள்ளியே இருக்கட்டும். நடும்போது கிடங்கில் வேப்பம் பிண்ணாக்கைக் கலந்துவிடுங்கள். அண்மையில் புற்று இருந்தால் வெட்டித் தாய்க்கறையானை எடுத்தழியுங்கள். வரண்ட மாதங்களில் தண்ணீர் தவறாமல் கிடைக்கும் கன்றைக் கறையான் எளிதில் வெல்லாது. அதற்காகவே கிடங்கின் அடியில் தேங்காய் மட்டைகளை இரண்டு அடுக்காகப் பரப்புகிறோம். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

குருத்தழுகல்

இது மாரியில், பூஞ்சணத்தால் வருவது. நடுக்குருத்து மஞ்சளாகி வாடும். இழுத்தால் கையோடு வரும். அடியில் அழுகி நாறும். வெயில் வாட்டம் என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுவது தவறு.

ஆரம்பத்திலேயே கண்டால், அழுகிய பகுதியை நல்ல பகுதி தெரியும்வரை கூரிய கத்தியால் வெட்டி அகற்றி, அப்புறப்படுத்தி எரியுங்கள். பின்னர் போர்டோக் களி பூசி, புதுக்குருத்து வரும்வரை மழைநீர் படாதவாறு மூடிவிடுங்கள். அயல் கன்றுகளுக்குப் போர்டோக் கலவை தெளிக்கலாம். இதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லீற்றர் தண்ணீரில் தனியாகவும், ஒரு கிலோ சுண்ணாம்பை 50 லீற்றர் தண்ணீரில் தனியாகவும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலுள் ஊற்றிக் கலக்குங்கள். களிக்கு அதே அளவு துத்தமும் சுண்ணாம்பும் மொத்தம் 10 லீற்றர் தண்ணீரில் போதும். மண் அல்லது பிளாஸ்ரிக் பாத்திரமே வேண்டும், இரும்பு ஆகாது. துலக்கிய கத்தி ஒன்றை அமிழ்த்தி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் சேர்க்கவேண்டும். செய்த அன்றே பாவித்து முடியுங்கள்.

வெண் ஈ

அண்மைய ஆண்டுகளில் குடாநாட்டுத் தென்னைகளில் வெண் ஈயும் பெருகியிருக்கிறது. ஓலையின் அடியில் வெள்ளை மாப்போலப் படிந்து சாறை உறிஞ்சும். கீழ் ஓலைகளில் கரி பூசியதுபோலக் கறுப்பு படியும். கன்றாக இருந்தால் தண்ணீரை வேகமாக ஓலையின் அடிப்புறத்தில் பீச்சிக் கழுவிவிடலாம். கண்டபடி பூச்சிநாசினி அடித்தால் வெண் ஈயைத் தின்னும் நன்மைப் பூச்சிகளே முதலில் சாகும்.

எல்லையில் நட்ட மரங்கள்

பிள்ளைகளின் எதிர்காலத்திற்கென்று பலர் எல்லையில் தேக்கு, மகோகனி, வேம்பு நடுகிறார்கள். இவற்றுக்கும் தனித்தனி எதிரிகள் உண்டு.

மகோகனியின் நுனித்தண்டைத் துளைக்கும் புழு மரத்தைக் கொல்வதில்லை. அதன் நேர்மையைக் கெடுத்துவிடும். நுனி செத்துப் பல கிளைகள் வெடித்தால் பிற்காலத்தில் பலகைக்கு உதவாது. வாடிய நுனியைத் துளை முடியும் இடத்துக்குக் கீழே வெட்டி எரித்து, புதிதாக வரும் தளிர்களில் நேரான ஒன்றை மட்டும் விடுங்கள். மகோகனியை வெட்டவெளியில் தனியே நிரையாக நடாமல் மற்ற மரங்களின் பக்க நிழலில் கலந்து நட்டால் தாக்கம் குறையும். இலங்கையின் தென்பகுதிகளில் பலாவோடு சேர்த்து நட்ட அனுபவம் உண்டு.

தேக்கின் இலையைப் புழுக்கள் ஒரே வாரத்தில் மொட்டையாக்கிவிடும். மரம் மறுபடி துளிர்க்கும் என்பதால் நாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கேரளத்தின் நிலம்பூரில் இளந்தேக்குகளில் செய்த ஆய்வில், இப்புழுவால் மரம் போடவேண்டிய பருமனில் 44 சதவீதம் இழக்கப்பட்டது தெரியவந்தது. தேக்கை மட்டும் நெருக்கி நடாமல் வேறு மரங்களோடு கலந்து நட்டு, பறவைகள் தங்க இடம் கொடுங்கள்.

வேம்பின் நுனிகள் கருகினால் மரத்தைத் தறித்துவிட வேண்டாம். கருகிய நுனிகளை வெட்டி எரியுங்கள். பெரும்பாலான மரங்கள் மீண்டும் துளிர்க்கும்.

எந்தக் கன்றுக்கும் முதற் காவல் வேலி. கட்டாக்காலி மாடும் ஆடும் ஓரிரவில் செய்யும் அழிவை எந்தப் பூச்சியும் செய்யாது. பனைமட்டையோ கிளுவையோ, வேலி அடைத்த பின்னரே கன்று நடுவோம்.

காணி இன்னும் திரும்பாதோருக்கு

உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருப்போரும் ஆயத்தமாகலாம். நல்ல தாய்மரத்துத் தேங்காயைத் தெரிந்து பொலித்தீன் பைகளில் நாற்றாக்குங்கள். ஏழு முதல் ஒன்பது மாத நாற்று நடுவதற்கு ஏற்றது. முளைக்கப் பிந்தியவற்றையும் நோஞ்சான்களையும் இரக்கம் பார்க்காமல் கழித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையோடு நடுவது எமது பகுதிக்குப் பொருத்தம். 26 அடிக்கு 26 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 64 கன்றுகள் கொள்ளும். எங்கிருந்து வந்ததென்று தெரியாத கன்றை வாங்கவேண்டாம். தெற்கே 2006இல் வெலிகமவில் இனங்காணப்பட்ட ஓலை வாடல் நோயைக் கட்டுப்படுத்தவே, அப்பகுதித் தென்னங்கன்றுகளை வெளியே கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிறுவகத்தினதும் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையினதும் ஆலோசனையைப் பெறலாம்.

சேர்ந்து செய்வோம்

வண்டுக்குக் காணி உறுதி தெரியாது. வேலிக்கு மேலால் பறந்து வரும். ஒருவர் தன் வளவைத் துப்புரவாக்கி, பக்கத்துக் காணி உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால் அங்குள்ள குற்றிகளில் வண்டு வளரும். ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கமோ பங்குக் குழுவோ உரிமையாளருக்கு எழுதி அனுமதி பெற்று, மாதத்தில் ஒரு நாளைச் சிரமதான நாளாக வைத்துக்கொள்ளலாம். மாரிக்கு முன் குற்றிகள், மாரியில் குருத்தழுகல், கோடையில் கறையான், எப்போதும் வண்டு என்று பார்வையிட ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய மடலில், வீடு கட்டித் தோட்டம் நட்டு அதன் கனியை உண்ணும்படி அறிவுரை இருக்கிறது. ஊரை இழந்தவர்களிடம்தான் மரம் நடும்படி சொல்லப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. பலமுறை பெயர்ந்த எமது மக்கள் பலமுறையும் நட்டிருக்கிறார்கள். இம்முறை நட்டதை வாரம் ஒருமுறை நின்று பார்ப்போம். ஆறேழு ஆண்டில் முதற்பாளை வெடிக்கும்.