இருபது வீதத்தில் அணையும் கைபேசி

"இருபது வீதம் காட்டினது, அப்பிடியே நிண்டுபோச்சு." குளிர்காலத்தில் பாரிஸ் லா சப்பலில் கைபேசி திருத்துபவர்களுக்கு இந்த முறைப்பாடு புதிதல்ல. திரான்சியில் ரயில் ஏறும்வரை ஒழுங்காக இருந்த போன், கார் து நோரில் இறங்கி வெளிக்குளிரில் ஓர் அழைப்பு எடுத்தவுடன் அணைந்துவிடும். பற்றரியை மாற்றுவதற்கு முன், அந்த வீதக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது.

பற்றரிக்குள் மிச்சமிருக்கும் மின்னை நேராக அளக்க முடியாது. திரையில் தெரிவது 'பியூவல் கேஜ்' என்ற சிறிய சிப்பின் மதிப்பீடு. வோல்ற்றளவை மட்டும் வைத்து அதைச் சொல்வது கடினம். நிறைந்த லித்தியம் பற்றரி 4.2 வோல்ற்றுக்கு மேலும் காட்டலாம். ஆனால் இடைப்பட்ட பெரும்பகுதி நேரம் 3.7ஐ அண்டியே நிற்கும். அங்கே சில மில்லிவோல்ற்றுப் பிழையே பல வீதப் பிழையாகிவிடும்.

அதனால் பல சிப்புகள் பற்றரிக்கு உள்ளே போகும் மின்னையும் வெளியே வரும் மின்னையும் கடைக் கணக்குப்போல வரவு செலவு எழுதுகின்றன. அந்தக் கணக்கின் அலகு கூலோம். ஓர் அம்பியர்-மணி 3600 கூலோம். 1806இல் பாரிசில் இறந்த சார்ல் ஒகுஸ்தன் து கூலோமின் பெயரை இந்த அலகுக்கு ஏற்றது, 1881இல் இதே நகரில் கூடிய மின்னியல் மாநாடு. ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் உண்டு.

மின் ஓடும் பாதையில் மிகச் சிறிய தடை ஒன்று இருக்கும். அது 10 மில்லிஓம் என்று வையுங்கள். அதன் இரு முனைகளுக்கும் இடையிலான வோல்ற்றளவைப் பார்த்தே சிப் மின்னோட்டத்தைக் கணக்கிடுகிறது. அந்த அளவீட்டில் 20 மைக்ரோவோல்ற்றுப் பிழை இருந்தால், 2 மில்லிஅம்பியர் பொய்க்கணக்கு ஏறும். ஒரு நாளில் அது 48 மில்லிஅம்பியர்-மணி; 4000 மில்லிஅம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரியில் ஒரு வீதத்துக்கு மேல். முழுதாக நிறையாமலும் முழுதாகத் தீராமலும் பாவித்துக்கொண்டே போனால், சிப்புக்குப் பிழையைத் திருத்திக்கொள்ள இடமே கிடைக்காது.

பிழையின் தன்மையே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். குளிரில் அணைந்து, அறைக்குள் சூடேறியதும் மறுபடி 15 வீதம் காட்டினால், கணக்குப் பெரிதாகப் பிழைக்கவில்லை. வயதான பற்றரியின் உட்தடை குளிரில் இன்னும் கூடி, மின்னை இழுத்தவுடன் வோல்ற்றளவு விழுந்துவிடுகிறது. அதற்குப் புதுப் பற்றரிதான் மருந்து. நெடுநேரம் 100இலேயே நின்று பிறகு சடாரென்று சரிந்தால், முழுக் கொள்ளளவு எவ்வளவு என்ற சிப்பின் நினைவு பிழை.

மாற்றிய பிறகும் வீதம் துள்ளினால் உடனே கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். ஐபோனில் இந்தச் சிப் பற்றரியோடு ஒட்டியே வரும்; பல அன்ட்ரொயிட் போன்களிலோ அது தாய்ப்பலகையில் இருந்துகொண்டு பழைய பற்றரியின் கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை முழுதாக நிறைத்து, ஓரிரு மணிநேரம் விட்டு, தானாக அணையும்வரை பாவித்து, இடையில் நிறுத்தாமல் மறுபடி நிறையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் இதை மாதாமாதம் செய்யாதீர்கள். அடிவரை தீர்ப்பது பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். பின்மூடி புடைத்திருந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜில் போடாமல் நேரே திருத்துபவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.